அனுமதி மறுப்பும் 777 என்னும் தவறான சாவியும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லோ பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. இதனால், எம்பிராய்டரி கூடத்தில் டிசைன் திறக்கவும், பேக்கிங் அறையில் பார்கோடு ஸ்டிக்கர் அச்சிடவும், துணி எடைபோடும் மேசையில் தராசின் அளவைப் பதியவும் பயன்படும் கணினிகளைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றை அவற்றில் ஏற்றிக்கொள்வது திருப்பூர் பனியன் தொழிலின் சிறு கூடங்களுக்குச் சிக்கனமான வழியாகிறது. வழி சரியானதே. ஆனால் ஏற்றிய சில நாள்களில், கூடுதலாக ஏதேனும் மென்பொருளை நிறுவ முயலும்போது ‘பெர்மிஷன் டினைட்’, அதாவது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி திரையில் வந்து நிற்கிறது. யாரோ தொலைபேசியில் சொன்ன கட்டளை, பொருள் தெரியாமலே தட்டச்சு செய்யப்படுகிறது. கணினியின் பூட்டுகள் அனைத்தும் ஒரே நொடியில் கழற்றப்பட்டுவிடுகின்றன. திரும்பத் திரும்ப நடக்கும் இந்தத் தவறு, ஐந்து நிமிடத்தில் தீர வேண்டியதை இயங்குதளத்தையே மறுபடி ஏற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகிறது.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தரப்பினர் உண்டு: அதன் உடைமையாளர், அதனோடு தொடர்புடைய குழு, மற்ற எல்லோரும். ஒவ்வொரு தரப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் தனித்தனியே கொடுக்கப்படலாம் அல்லது மறுக்கப்படலாம். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இந்த முறையை, நூல் குடோனின் சாவி முதலாளியிடமும், கட்டிங் அறையின் சாவி கட்டிங் மாஸ்டரிடமும், வாசல் கேட்டின் சாவி வாட்ச்மேனிடமும் இருக்கும் ஏற்பாட்டைப் போலக் கருதலாம். எல்லாச் சாவிகளும் இருக்கும் ஒரே ஒருவர் ‘ரூட்’ எனப்படும் முதன்மைப் பயனர். அன்றாட வேலை செய்பவர் சாதாரணப் பயனராகவே இருக்க வேண்டும். இயங்குதளத்தின் பொதுக் கோப்புகளை மாற்றும் வேலை வரும்போது மட்டும், அந்த ஒரு வேலைக்காக மட்டும், முதன்மைப் பயனரின் அதிகாரத்தைக் கடன் வாங்க வேண்டும். மென்பொருள் நிறுவுவது அப்படிப்பட்ட வேலை. ஆகவே மறுப்புச் செய்தி வருவது கணினியின் கோளாறன்று. ‘இதைச் செய்ய நீங்கள் யார்?’ என்று கணினி முறையாகக் கேட்கும் கேள்வி அது.

இந்த உரிமைகள் எண்களாகவும் எழுதப்படும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. உடைமையாளருக்கு 7, குழுவுக்கு 7, மற்ற எல்லோருக்கும் 7 என்று கொடுப்பதுதான் 777. அனுமதிகளை மாற்றும் ‘சிஎச்மாட்’ என்னும் கட்டளையோடு இந்த எண்ணையும், உள்ளிருக்கும் அடைவுகள் அனைத்துக்கும் பரவச் செய்யும் ‘-ஆர்’ என்ற பெரிய எழுத்துக் குறியையும் சேர்த்து, கணினியின் வேர் அடைவைக் குறிக்கும் சாய்கோட்டின் மீது ஏவுவதுதான் பலருக்கும் கைமருந்தாகச் சொல்லப்படுகிறது. இதைச் செய்தவுடன் நடப்பது என்ன என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அதிகாரத்தைக் கடன் கொடுக்கும் ‘சூடோ’ என்னும் நிரல் இயங்குவதற்கு ‘செட்யுஐடி’ என்ற தனி அடையாளம் வேண்டும். 777 என்று எழுதியதும் அந்த அடையாளம் அழிகிறது. சூடோவின் விதிகள் எழுதப்பட்ட கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றாகிவிடுவதால் சூடோ அந்தக் கோப்பை நம்ப மறுக்கிறது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளும், அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று கூறி ஒதுக்கப்படுகின்றன. அனுமதி வேண்டிச் செய்த காரியத்தாலேயே, இனி எந்த அனுமதியும் கேட்க முடியாத நிலை உண்டாகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு இருந்த அனுமதி எங்கும் பதிவாகி இருப்பதில்லை என்பதால், இதைத் திருப்பிப்போடும் கட்டளையும் கிடையாது.

777 எழுதக் கூடாது. ஒற்றைக் கோப்புக்குக்கூட அது தேவைப்படும் இடம் ஒரு பனியன் கூடத்தின் கணினியில் இல்லை.

இதனால் விளையும் இழப்பு கணினியோடு நின்றுவிடுவதில்லை. சிறு கூடத்தின் அலுவலகக் கணினி ஒன்றில் தொழிலாளர்களின் ஆதார் நகல்கள், பிஎஃப், இஎஸ்ஐ விவரங்கள், வங்கிக் கணக்கு எண்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர் விவரங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். அதே கணினியில்தான் டிஎஸ்சி எனப்படும் மின்னணுக் கையொப்ப டோக்கனும் செருகப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மின்னணுக் கையொப்பத்துக்கு மையில் இட்ட கையெழுத்துக்கு நிகரான சட்ட ஏற்பு அளிக்கிறது. இயங்குதளத்தின் நிரல்களை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்று திறந்துவிட்ட கணினியில் அந்த டோக்கனைச் செருகி அதன் ரகசிய எண்ணை அடிப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பிறருடைய தகவலை வைத்திருப்போர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்கிறது. தவறினால் விதிக்கத்தக்க தண்டத்தொகையின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். படிப்படியாக நடைமுறைக்கு வரும் இந்தச் சட்டத்தின் முன், ‘மென்பொருள் ஏறவில்லை, அதனால் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம்’ என்பது விளக்கமாகாது.

லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் இந்தத் தொல்லையால் சலித்துப்போய், திருட்டு நகலாகக் கிடைக்கும் விண்டோஸுக்கும் திருட்டு டிசைன் மென்பொருளுக்கும் திரும்புவது அடுத்த ஆபத்து. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. ஏற்றுமதியாளருக்கு உள்ளூர்ச் சட்டத்தை விடவும் பெரிய அச்சம் வெளியில் இருக்கிறது: 2013 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம், உரிமம் பெறாத மென்பொருளைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்து நியாயமற்ற போட்டி செய்ததாக, அந்த மாநிலத்தில் விற்பனையாகும் ஆடைகளைத் தயாரித்த ஓர் இந்திய நிறுவனத்தின் மீதும் ஒரு சீன நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. தையல் எந்திரத்துக்கும் துணிக்கும் பில் வைத்திருப்பது போலவே மென்பொருளுக்கும் கணக்குக் காட்ட வேண்டிய காலம் இது. கட்டணமின்றி இயக்கவும் நகலெடுக்கவும் உரிமம் தரும் கட்டற்ற மென்பொருளே சிறு கூடங்களுக்கு நேர்மையான புகலிடம். அந்தப் புகலிடத்தை ஓர் அனுமதிச் செய்தியைப் படிக்கச் சோம்பி இழக்கக் கூடாது.

எனவே முதல் வேலை, செய்தியை முழுதாகப் படிப்பது. இங்கே கட்டளைகள் ஒலிப்பு வடிவில் தரப்படுகின்றன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், குறிப்பிட்ட இடங்கள் தவிர எல்லாவற்றையும் சிற்றெழுத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். உபுண்டு, மின்ட், டெபியன் ஆகிய மூன்றிலும் மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவி ‘ஆப்ட்’. அது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே நிறுவ வேண்டும் என்பதற்காக ‘லாக்’ எனப்படும் பூட்டுக் கோப்பு ஒன்றைப் பயன்படுத்துகிறது. இந்தப் பூட்டைப் பற்றி இரண்டு செய்திகள் வரும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மருந்து வேறு. செய்தியின் இறுதியில் ‘ஆர் யூ ரூட்?’ என்ற கேள்வி இருந்தால், கட்டளையின் முன்னால் சூடோ சேர்க்கப்படவில்லை என்று பொருள். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று எழுதி அதன்பின் பொதியின் பெயரைச் சேர்த்தால் தீர்ந்தது. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் எழுத்தோ புள்ளியோ தோன்றாமல் போகலாம். விசைப்பலகை பழுதென்று எண்ணிப் பாதியில் நிறுத்தக் கூடாது. மாறாக, பூட்டை வேறொரு செயல் பிடித்துவைத்திருக்கிறது என்று ஓர் எண்ணோடு செய்தி வந்தால், பெரும்பாலும் பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்; காத்திருப்பது மட்டுமே மருந்து. அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்கக் கூடாது. அழித்தால் இரண்டு நிறுவல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பொதிக் கணக்கேடே குலைந்துபோகும். புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போய்விட்டிருந்தால், ‘சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளையும், அதன்பின் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’ என்ற கட்டளையும் விட்ட இடத்திலிருந்து வேலையை முடித்துவைக்கும். கூடத்துக் கணினிக்குச் சிறு யுபிஎஸ் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு செய்தி வந்து பலரை அநாவசியமாக மிரட்டுகிறது. ‘டெப்’ எனப்படும் பொதிக் கோப்பைப் பதிவிறக்கி நிறுவும்போது, வேலை முடிந்த பிறகு, ‘_ஆப்ட்’ என்னும் பயனரால் கோப்பை அணுக முடியவில்லை என்று ‘பெர்மிஷன் டினைட்’ சொற்களோடு ஒரு குறிப்பு வருகிறது. அதன் தொடக்கத்தில் குறிப்பு என்பதைச் சுட்டும் ‘என்’ என்ற எழுத்துத்தான் இருக்கும், பிழையைச் சுட்டும் ‘இ’ இருக்காது. மென்பொருள் நிறுவப்பட்டுவிட்டது. உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து ஒவ்வொருவரின் சொந்த அடைவும் பிறர் பார்வைக்கு மூடப்பட்டிருப்பதன் விளைவே இந்தக் குறிப்பு. இதற்காகச் சொந்த அடைவை 777 ஆக்குவோர் இருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு வரும் ஒரு குறிப்புக்காக எல்லா ஆவணங்களையும் திறந்துவிடுவது இது. குறிப்பே வரக் கூடாது என்றால், டெப் கோப்பைத் தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டிஎம்பி’ அடைவுக்கு நகலெடுத்து அங்கிருந்து நிறுவினால் போதும்.

சூடோ எழுதியும், இந்தப் பயனர் ‘சூடோயர்ஸ்’ என்னும் சூடோ விதிக் கோப்பில் இல்லை என்று மறுப்பு வந்தால், சிக்கல் வேறு. டெபியனை ஏற்றும்போது ரூட்டுக்கென்று தனிக் கடவுச்சொல் கொடுத்தவர்களுக்கு இது தவறாமல் நேரும். அப்படிக் கொடுத்தால், முதலில் உருவாக்கப்படும் பயனரை டெபியன் சூடோ குழுவில் சேர்ப்பதில்லை. இதற்கு ‘எஸ், யு’ என்ற இரண்டு எழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஓர் இடைக்கோடும் இட்டு, ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இடைக்கோட்டை விட்டுவிட்டால் அடுத்த கட்டளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கணினி சொல்லும். இடைக்கோடு இருந்தால்தான் ரூட்டுக்குரிய கட்டளைப் பாதைகள் சேர்ந்து வரும். பிறகு ‘யூசர்மாட் -ஏஜி சூடோ’ என்று எழுதி, பயனரின் பெயரைச் சேர்க்க வேண்டும். இதில் ‘ஏ’ சிற்றெழுத்து, ‘ஜி’ பேரெழுத்து. முடிந்ததும் கணினியிலிருந்து முழுதாக வெளியேறி மறுபடி நுழைய வேண்டும். அதுவரை மாற்றம் தெரியாது. விதிக் கோப்பையே திருத்த நேர்ந்தால், சாதாரணத் திருத்தியால் திறக்காமல் ‘விசூடோ’ என்ற கட்டளையால் மட்டுமே திறக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் அது சேமிக்கும் முன்பே எச்சரிக்கும்.

அந்தக் கட்டளையில் உள்ள ‘ஏ’ என்னும் ஓரெழுத்து பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அது ‘ஏற்கெனவே உள்ள குழுக்களோடு இதையும் சேர்’ என்று பொருள்படும். அதை விட்டுவிட்டு ‘ஜி’ மட்டும் எழுதினால், கட்டளையில் குறிப்பிட்ட குழுவைத் தவிர மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் பயனர் நீக்கப்படுவார். எடைத் தராசுக்காகவோ அச்சு எந்திரத்துக்காகவோ ஒரு குழுவில் சேரப் போனவர், சூடோ குழுவிலிருந்து தம்மைத் தாமே வெளியேற்றிக்கொண்டு, அடுத்த முறை எந்த மென்பொருளையும் நிறுவ முடியாமல் நிற்பது இந்த ஓரெழுத்து விடுபட்டதால்தான். என்டர் விசையை அழுத்தும் முன் ‘ஏ’ இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். மறுபடியும் பார்க்க வேண்டும்.

தராசும் ஸ்டிக்கர் பிரின்டரும்தான் பனியன் கூடங்களில் இந்தப் பிழை அதிகம் தலைகாட்டக்கூடிய இடம் என்பதால், அவற்றை விரிவாகச் சொல்வது தகும். யுஎஸ்பி வழியாக இணையும் மின்னணுத் தராசுகள் பலவும் கணினிக்கு ‘சீரியல் போர்ட்’ எனப்படும் தொடர் வாயிலாகத் தெரிகின்றன. ‘டெவ்’ அடைவுக்குள் ‘டிடிஒய்யுஎஸ்பி0’ போன்ற பெயரில் அவை தோன்றும். எடையைப் பதியும் மென்பொருள் நிறுவப்பட்டு, அது அந்த வாயிலைத் திறக்க முயலும்போது மறுப்பு வரும். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதாலோ, சூடோவோடு இயக்குவதாலோ இது முறையாகத் தீராது. அந்த வாயிலின் குழு ‘டயல்அவுட்’ என்பதால், தராசு மேசையில் வேலை செய்பவரின் பயனர் பெயரை ‘சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்’ என்ற கட்டளையால் அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி நுழைந்தால் போதும். ‘குரூப்ஸ்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பயனர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பது தெரியும். அந்த வாயிலை 777 ஆக்குவது அன்றைக்கு மட்டும் வேலை செய்வதுபோல் தோன்றும். கம்பியைக் கழற்றிச் செருகியதும் வாயில் புதிதாகப் பிறந்து பழைய அனுமதிக்கே திரும்பிவிடும். ஒரு நுட்பமான விதிவிலக்கு: உபுண்டு 22.04 பதிப்பில் சில மலிவான யுஎஸ்பி மாற்றிகளைச் செருகியதும் வாயில் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவியை இயக்கும் ‘பிஆர்எல்டிடிஒய்’ என்னும் நிரல் அந்த மாற்றியைத் தன் கருவி என்று தவறாக எண்ணிப் பிடித்துக்கொள்வதே காரணம். அக்கணினியைப் பிரெய்ல் கருவியோடு பயன்படுத்துவோர் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும் அந்தப் பொதியை நீக்கலாம். ஸ்டிக்கர் பிரின்டருக்கு மென்பொருள் நேரடியாக எழுத முயன்று மறுக்கப்பட்டால், சேர வேண்டிய குழு ‘எல்பி’. புதிய பிரின்டரைச் சேர்த்து அமைக்கும் உரிமை வேண்டுமென்றால் ‘எல்பிஅட்மின்’.

எம்பிராய்டரி கூடங்களில் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளுக்கு இங்க்ஸ்டிச் என்னும் கூடுதல் நிரல் உண்டு; அது கோட்டோவியத்தைத் தையல் புள்ளிகளாக மாற்றி, எம்பிராய்டரி எந்திரங்கள் பரவலாகப் படிக்கும் டிஎஸ்டி கோப்பாகக் கொடுக்கும். இதைப் பயனரின் சொந்த அடைவுக்குள் இருக்கும் இங்க்ஸ்கேப்பின் ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ அடைவிலேயே வைத்துவிடலாம். ரூட் அதிகாரம் எதுவும் தேவையில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் சூடோ எழுதிப் பழகியவர்கள் அதையும் சூடோவோடு அவிழ்க்கிறார்கள். அப்போது அந்தக் கோப்புகளுக்கு உடைமையாளர் ரூட் ஆகிவிடுவதால், அடுத்த பதிப்பை மாற்றி வைக்கும்போது சொந்த அடைவுக்குள்ளேயே அனுமதி மறுக்கப்படுகிறது. உடைமையாளரை மாற்றும் ‘சிஎச்ஓன்’ கட்டளைக்கு முறையான இடம் இதுதான்: ‘சூடோ சிஎச்ஓன் -ஆர்’ என்று எழுதி, பயனர் பெயர், முக்காற்புள்ளி, மறுபடி அதே பெயர் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதி, பின்னர் சொந்த அடைவுக்குள் உள்ள அந்த ஒரே ஓர் அடைவின் முழுப் பாதையைத் தர வேண்டும். இங்கும் ‘ஆர்’ பேரெழுத்து. சொந்த அடைவுக்கு வெளியே இந்தக் கட்டளையை ஏவக் கூடாது. இயங்குதளத்தின் நிரல்கள் இருக்கும் ‘யுஎஸ்ஆர்’ அடைவின் மீது ஏவினால் 777 எழுதியதற்கு ஈடான சேதம் விளையும். ‘ஸ்னாப்’ என்னும் மற்றொரு பொதி வடிவில் நிறுவிய இங்க்ஸ்கேப்புடன் இங்க்ஸ்டிச் சேர்ந்து இயங்குவதில்லை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே அனுமதிகளோடு போராடுவது வீண், ஸ்னாப் வடிவத்தை நீக்கி ஆப்ட் வழியாக இங்க்ஸ்கேப்பை நிறுவ வேண்டும்.

டிசைன்களும் மென்பொருள்களும் பென்டிரைவில் கைமாறுவது இத்தொழிலின் பழக்கம். ஃபேட் வடிவில் அமைந்த பென்டிரைவால் லினக்ஸின் அனுமதிகளைத் தாங்கி வைத்திருக்க முடியாது. அதிலுள்ள நிறுவல் கோப்பை அங்கிருந்தே இயக்கினால் மறுப்பு வரும், சிஎச்மாட் எழுதினாலும் ஒட்டாது. கோப்பைச் சொந்த அடைவுக்கு நகலெடுத்து, அங்கே ‘சிஎச்மாட் யு+எக்ஸ்’ என்று எழுதி, உடைமையாளருக்கு மட்டும் இயக்கும் உரிமை தர வேண்டும். ஒற்றைக் கோப்பாக வரும் ஆப்இமேஜ் வகை மென்பொருள்களுக்கும் இதே முறைதான். எதிர்மாறாக, ஸ்னாப் வடிவில் நிறுவிய மென்பொருள் பென்டிரைவையே பார்க்க மறுத்தால், ‘சூடோ ஸ்னாப் கனெக்ட்’ என்று எழுதி, மென்பொருளின் பெயரையும் முக்காற்புள்ளியையும் ‘ரிமூவபிள்-மீடியா’ என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். பைத்தான் நிரலகங்களை ‘பிப்’ கருவியால் நிறுவும்போது, டெபியன் 12, உபுண்டு 23.04 முதலான பதிப்புகளில், இச்சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற மறுப்பு வரும். அதை மீறும் குறியைச் சேர்க்காமல், ‘பைத்தான்3 -எம் விஎன்வி’ என்ற கட்டளையால் சொந்த அடைவில் தனிச்சூழல் அமைத்து அதற்குள் நிறுவ வேண்டும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் ‘வைன்’ கருவியைச் சூடோவோடு இயக்குவது அறவே கூடாது. விண்டோஸுக்கு எழுதப்பட்ட தீங்கு நிரல் ஒன்று ரூட் அதிகாரத்தோடு உள்ளே வர அது வழிவிடும்.

777 ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்றால், முதலில் கணினியை இணையத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். ஆவணங்கள், டிசைன்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுக்க வேண்டும். உபுண்டுவில் கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் தொடக்கப் பட்டியலைத் திறந்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘ரிக்கவரி மோட்’, ‘ரூட்’ என்று வரிசையாகத் தெரிவுசெய்து, ‘மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ’ என்று எழுதி ஓர் இடைவெளிக்குப் பின் சாய்கோடு இட்டால், கோப்புகளைத் திருத்த முடியும். அங்கே ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் உள்ள ‘பின்’ அடைவில் இருக்கும் சூடோ நிரலுக்கு உடைமையாளராக ரூட்டையும் அனுமதியாக 4755 என்ற எண்ணையும், ‘இடிசி’ அடைவில் உள்ள சூடோயர்ஸ் கோப்புக்கு 440 என்ற எண்ணையும் கொடுத்தால் சூடோ உயிர்பெறலாம். கணினி சரியாகிவிட்டது என்று இதைக் கொண்டு எண்ணிவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான மற்றக் கோப்புகள் திறந்தே கிடக்கின்றன. ஆவணங்களை மீட்டெடுக்கும் வரைக்குமான முட்டு மட்டுமே இது. இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றுவதே தீர்வு. அரை நாள் வேலைக்கு அஞ்சி, திறந்து கிடக்கும் கணினியில் டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது பொறுப்பற்ற செயல். இதே மீட்பு வழியால், வட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாத கணினிக்குள் வெளியார் எவரும் நுழையலாம் என்பதால், அலுவலக அறையைப் பூட்டுவதும் கணினிப் பாதுகாப்பின் பகுதியே.

இத்தனைக்கும் அடியில் இருப்பது கடவுச்சொல் யாருடையது என்ற கேள்வி. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. லட்சக்கணக்கான மாணவர் கைக்கு லினக்ஸைக் கொண்டுசேர்த்த அரசு, முதன்மைப் பயனர் என்பவர் யார், அவருடைய அதிகாரத்தை எப்போது பயன்படுத்த வேண்டும் என்ற எளிய பாடத்தையும் அதே முனைப்போடு வகுப்பறைக்குக் கொண்டுசென்றிருக்க வேண்டும். பொருளைக் கொடுத்ததே போதும் என்று அதிகாரிகள் கருதும் வரை, கணினியை வாங்கியவர் ஒருவராகவும் அதன் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலை தொடரும். பனியன் கூடங்களில் அந்த வேறொருவர், பெரும்பாலும் கணினியை ஏற்றிக்கொடுத்த சர்வீஸ் நபர். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அவரையே அழைக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல்லைத் தராமல் வைத்திருந்தால், முதலாளி கெஞ்ச வேண்டியதில்லை.

கணினியின் பில் நகலை இணைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலையும் 7 நாள்களுக்குள் ஒப்படைக்குமாறு கோரும் கடிதத்தை, தேதியிட்டு, விரைவுத் தபாலில் அனுப்பி, அஞ்சல் ரசீதையும் ஒப்படைப்புச் சான்றையும் பத்திரப்படுத்த வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கணினியை அணுக உரிமை உள்ளவருக்கு அணுக்கத்தை மறுப்பதை இழப்பீட்டுக்குரிய செயலாக வரையறுக்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு அதைச் செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. இழப்பீடு கோரும் மனுவை உரிமையியல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து காலம் கழிக்கக் கூடாது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் 46ஆம் பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு உரியது. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்த அலுவலர். மனு சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள அவருக்கு முகவரியிடப்பட வேண்டும். தம் பிழைப்புக்காகத் தாமே உழைக்கும் சிறு தொழில் செய்வோர், கட்டணம் கொடுத்துப் பெற்ற சர்வீஸில் குறை என்ற வகையில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். எதை நாடினாலும் பில்லும் கடிதமும் அஞ்சல் ரசீதும் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாக மட்டும் நடந்த சர்வீஸுக்கு எந்த அலுவலகத்திலும் நிவாரணம் பெறுவது கடினம்.

திறந்து கிடந்த கணினி வழியாகப் பணம் பறிபோனாலோ, வாடிக்கையாளருக்குப் போலி வங்கிக் கணக்கு எண்ணோடு மின்னஞ்சல் சென்றிருந்தாலோ, முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்க அந்த முதல் சில மணி நேரமே வாய்ப்பு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, வங்கிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் கணினிக்குள் அத்துமீறல் நடந்ததை அறிந்த 6 மணி நேரத்துக்குள், கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ஆம் நாளிட்ட அதன் உத்தரவு கூறுகிறது. மின்னணுக் கையொப்ப டோக்கன் அந்தக் கணினியில் பயன்பட்டிருந்தால், அதை வழங்கிய சான்றளிக்கும் நிறுவனத்திடம் அன்றே எழுதிக்கொடுத்து, பழைய சான்றிதழை ரத்து செய்யச் சொல்ல வேண்டும். புகார் எடுக்கும் வரை அந்தக் கணினியை அழித்துப் புதிதாக ஏற்றக் கூடாது; உள்ளே நுழைந்தவரின் தடயம் அதிலேதான் இருக்கும்.

கூடத்தில் வேண்டிய காகித ஏற்பாடு சிறியது. முதன்மைக் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டு, டெலிவரி சலான் புத்தகங்களோடு கலக்காமல், பீரோவில் முதலாளியே வைத்துக்கொள்ள வேண்டும். கணினியின் அருகே ஒரு நோட்டு: தேதி, நிறுவிய மென்பொருளின் பெயர், எங்கிருந்து எடுக்கப்பட்டது, எழுதிய கட்டளை, எந்தப் பயனர் எந்தக் குழுவில் சேர்க்கப்பட்டார், செய்தவரின் கையெழுத்து என்ற ஆறு பத்திகளோடு. சர்வீஸ் நபர் மாறும் நாளில் அந்த நோட்டை எதிரே வைத்துக் கடவுச்சொல்லை மாற்றி, பழைய உறையைக் கிழித்துவிட்டு, புதிய உறையின் மேல் அன்றைய தேதியை எழுத வேண்டும்.